“எனக்குள் தாய்மை பொங்கவில்லையே”: தத்தெடுத்த தாயின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: எனக்கு 37 வயது, கணவருக்கு 41. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு ஆண்டுகள் சிகிச்சை எடுத்தும் பலனில்லாமல், மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவில் பதிவு செய்து, மூன்றரை ஆண்டுகள் காத்திருந்து, கடந்த ஆனி மாதம் 13 மாதப் பெண் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆட்சியரின் உத்தரவும் கிடைத்துவிட்டது. இப்போது ஏழு மாதங்கள் ஆகின்றன. குழந்தை யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டு போகிறாள். இரவில் விழித்தால்கூட அழுவதில்லை. எல்லோரும் சமத்துக் குழந்தை என்கிறார்கள். ஆனால் அவள் என்னைத் தேடுவதில்லை. எனக்கும் நான் எதிர்பார்த்த பாசம் பொங்கவில்லை. எல்லாவற்றையும் கடமையாகத்தான் செய்கிறேன். தவறு செய்துவிட்டோமோ என்று சில இரவுகளில் அழுகிறேன். பார்வையிட வந்த சமூகப் பணியாளரிடம் எல்லாம் நன்றாக இருப்பதாகப் பொய் சொன்னேன். மாசியில் குலதெய்வம் கோயிலில் முடி இறக்கிக் காது குத்த ஏற்பாடாகிறது. இவள் தத்துப்பிள்ளை என்பது அவளுக்கு ஒருநாளும் தெரியக் கூடாது என்கிறார் மாமியார். யாராவது வந்து திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம் வேறு. ஜூனில் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். நான் உண்மையிலேயே இவளுக்குத் தாயாக முடியுமா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும், ஏழு மாதங்களாக நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். கடமையாகச் செய்வதாக நீங்கள் குறைத்து எழுதியிருக்கும் வேலைகள், அதாவது பசியறிந்து ஊட்டுவது, ஈரத்துணி மாற்றுவது, காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது ஆகிய இவைதாம், ஒரு குழந்தைக்கு இன்னார் என் அம்மா என்று கற்பிக்கின்றன. பாசம் முதலில் பொங்கி அதன்பின் பணிவிடை பிறக்கும் என்று நம் கதைகள் சொல்கின்றன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தத்தெடுத்த குடும்பங்களோடு பணியாற்றிவரும் நான் பெரும்பாலும் பார்த்திருப்பது இதற்கு நேர்மாறான வரிசையைத்தான்.

பிள்ளை பெற்ற தாய்மாரிலும் பலருக்கு முதல் நாளிலேயே பாசம் பொங்குவதில்லை. ஆனால் அவர்களை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறவளுக்குப் பத்தியச் சோறு வருகிறது. “நீ படுத்துக்கொள், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்ல ஓர் அம்மா இருக்கிறார். அவள் அழுதால் “பிள்ளை பெற்ற உடம்பு” என்று வீடே புரிந்துகொள்கிறது. உங்களுக்கு என்ன நடந்தது? மூன்றரை ஆண்டுக் காத்திருப்பில் நாள், நட்சத்திரம் எதுவும் குறிக்கப்படவில்லை. ஒருநாள் குழந்தையின் விவரம் வந்தது. 48 மணி நேரத்துக்குள் அவளை உங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்றது விதி. சில வாரங்களில், தனக்கென்று பழக்கங்களும் பயங்களும் உள்ள, நடக்கத் தொடங்கிய ஒரு மனுஷி உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்ததும் நீங்களாகத்தான் இருக்கும். உங்களை யாரும் படுக்கச் சொல்லவில்லை. இந்தக் களைப்பைத் தாய்மையின் குறைபாடாக நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இதோடு ஆறு ஆண்டுச் சிகிச்சையின் துக்கமும் இருக்கிறது. குழந்தை வந்துவிட்டால் அது தானாக ஆறிவிடும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆறாது. வராத குழந்தைக்காக அழுவதும், வந்த குழந்தையை வளர்ப்பதும் ஒரே மனத்தில் ஒரே காலத்தில் நடக்கக்கூடியவை. முதலாவதற்கு உரிய இடத்தைக் கொடுக்காமல் அடைத்து வைத்தால், அது இரண்டாவதன்மீது வந்து விழும். உங்கள் கணவரோடு உட்கார்ந்து, அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி ஒருமுறையாவது வாய்விட்டுப் பேசுங்கள். அவருக்கும் அந்தத் துக்கம் இருக்கும். ஆண் என்பதால் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் மகளைப் பற்றி. கடிதத்தில் என்னை அதிகமாக நிறுத்திய வரி, இரவில் விழித்தாலும் அவள் அழுவதில்லை என்பது. இதைச் சமத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை அழுவது யாரோ வருவார்கள் என்ற எதிர்பார்ப்பினால்தான். அவள் இருந்த தத்து மையத்தைப் போல, ஓர் ஆயா பல குழந்தைகளைப் பார்க்க வேண்டிய இடத்தில், அந்த ஆயா எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், ஒவ்வொரு அழுகைக்கும் அவரால் எழுந்து வர முடியாது. அழுது பயனில்லை என்று கண்ட குழந்தை அழுவதை விட்டுவிடுகிறது. யாரிடமும் சிரித்துக்கொண்டு போவதும் இதன் மறுபக்கமே. ஆயாக்கள் பணிமுறை மாறி மாறி வந்த வாழ்க்கையில், கிடைத்த கையைப் பற்றிக்கொள்வதே அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பு. அவள் உங்களைத் தேடாதது உங்களைப் பிடிக்காததால் அன்று; தேடினால் ஒருவர் கிடைப்பார் என்பதை அவள் இன்னும் முழுதாக நம்பத் தொடங்கவில்லை.

இது மாறக்கூடியது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் வீழ்ந்தபோது, ஏராளமான குழந்தைகள் காப்பகங்களில் இருந்தது உலகுக்குத் தெரியவந்தது. 2000ஆம் ஆண்டில் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் புக்கரெஸ்ட் நகரில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்களில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். குடும்பத்துக்குள் வந்த குழந்தைகளிடம் தம்மை வளர்ப்பவரோடு உறுதியான பிணைப்பு வளர்ந்தது. இரண்டு வயதுக்கு முன்னால் வந்தவர்களிடம் அந்த மாற்றம் மிகத் தெளிவாக இருந்தது. அந்தக் காப்பகங்களின் நிலை மிக மோசமானது. உங்கள் மகள் இருந்த மையத்தை அவற்றோடு நான் ஒப்பிடவில்லை. அவள் 13 மாதத்தில் உங்களிடம் வந்துவிட்டாள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில மாதங்களுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்குக் குடும்பத்தின் ஒத்துழைப்பும் வேண்டும். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, விழுந்தால் தூக்கி ஆற்றுவது ஆகிய நான்கையும் நீங்களும் கணவரும் மட்டுமே செய்யுங்கள். மற்றவர்கள் கொஞ்சலாம், விளையாடலாம். ஆனால் அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தையோ சித்தியோ கிண்ணத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம். யாரிடமாவது கை நீட்டிப் போனால், ஐந்து நிமிடத்தில் நீங்களே போய்ச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் அவள் விழித்துக்கொண்டு பேசாமல் கிடப்பதைப் பார்த்தால், அழைக்காமலேயே போய்த் தொடுங்கள். “அம்மா இருக்கிறேன்” என்று ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்லுங்கள். தூளியில் போட்டால் உடல் விறைக்கிறாளா என்று கவனியுங்கள். இரும்புத் தொட்டிலில் தூங்கிப் பழகிய குழந்தைக்குச் சேலைக்குள் சுருண்டு கிடப்பது அச்சமூட்டலாம். அப்படியானால் தூளியை அவிழ்த்துவிட்டு உங்கள் பக்கத்தில் பாயில் போட்டுக்கொள்ளுங்கள். கன்னத்தில் இட்லியை அடக்கி வைத்துக்கொண்டே தூங்கினால் திட்டாதீர்கள். அடுத்த வேளையும் நிச்சயமாகச் சோறு உண்டு என்பதை வயிறு நம்புவதற்கும் காலம் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகு ஒருநாள், நீங்கள் அறையைவிட்டு வெளியே போனதற்காக அவள் வீறிட்டு அழுவாள். பிடிவாதம் வந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். நீங்கள் அன்றைய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காரணத்தினாலேயே மாசி மாதக் காது குத்தைத் தள்ளிப்போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சடங்கின் அழகை நான் அறிவேன்; தாய்மாமன் மடியில் அமர்த்துவது இவள் எங்கள் குலத்துப் பிள்ளை என்று ஊரறியச் சொல்வதாகும், தத்தெடுத்து வந்த குழந்தைக்கு அது மிகவும் வேண்டிய ஒன்று. ஆனால் அவள் பக்கத்திலிருந்து பாருங்கள்: புதிய ஊர், கூட்டம், மேளம், தலையில் சவரக்கத்தி, காதில் ஊசி, அத்தனையும் சில முறையே பார்த்த ஒருவரின் மடியில். சொந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த குழந்தை அழுதுவிட்டு அம்மாவிடம் தாவும். உங்கள் மகள் இன்னும் அந்தத் தாவலைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். உங்கள் சகோதரரை அதற்குள் மாதம் இருமுறையாவது வந்து அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அவள் மாமாவின் மடியில் தானாகவே போய் உட்காருவாள். குலதெய்வம் ஓராண்டு பொறுத்துக்கொள்ளும்.

உங்களைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். இரவில் அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் மனம் சோர்ந்திருக்கிறதா, குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராமல் இருக்கிறதா, பசி குறைந்துவிட்டதா, எதிலும் ஆர்வமில்லையா? இவற்றுக்கு ஆம் என்பது பதிலானால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் வருவதைப் போலவே தத்தெடுத்த பின்னும் தாய்க்கு அது வருவதுண்டு, சிகிச்சையால் குணமாவதும் உண்டு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எழுந்திருந்தால்கூட, இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு இன்றே கணவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவரிடம் போங்கள்.

சமூகப் பணியாளரிடம் பொய் சொன்னதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டாய்வுக்கு வந்தபோது வருமானம் முதல் மனப்பொருத்தம் வரை கேட்டுப் பார்த்துச் சென்றவர்களை, இப்போதும் மதிப்பெண் போட வருகிறவர்களாகவே நீங்கள் நினைக்கிறீர்கள். குழந்தை வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் வருவதன் நோக்கம் குழந்தையும் குடும்பமும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதைப் பார்ப்பதும், தடுமாறினால் ஆலோசனைக்கு வழி செய்வதுமாகும். களைத்துப்போயிருக்கிறேன் என்று சொன்ன தாயிடமிருந்து அதற்காக யாரும் குழந்தையைத் திருப்பி வாங்குவதில்லை. அடுத்த முறை அவர் வரும்வரை காத்திராமல், தொலைபேசியில் கூப்பிட்டு, “சென்ற முறை முழுவதும் சொல்லவில்லை” என்று தொடங்குங்கள்.

திருப்பிக் கேட்பார்களோ என்ற பயத்துக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. பெற்றவரே குழந்தையை ஒப்படைத்திருந்தால், மனம் மாறுவதற்கு அவருக்கு 60 நாள் அவகாசம் கொடுக்கப்படுகிறது. கண்டெடுக்கப்பட்ட குழந்தையானால், பெற்றோரைத் தேடும் முயற்சி முடிந்த பிறகே அடுத்த கட்டம். அதன் பின்னரே குழந்தைகள் நலக் குழு, அவளைத் தத்துக் கொடுக்கத் தடையில்லை என்று அறிவிக்கிறது. உங்கள் கண்ணில் அவளுடைய விவரம் படுவதற்கு முன்பே இவையெல்லாம் முடிந்துவிட்டன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்துக்கு 2021இல் செய்யப்பட்ட திருத்தம் 2022 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் தத்து உத்தரவை வழங்குகிறார். அந்த உத்தரவின்படி, சொத்துரிமை உட்பட எல்லாவற்றிலும் அவள் உங்கள் மகள். பிறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் பெயராக உங்கள் இருவரின் பெயரே இடம்பெறும்.

அடுத்து, உங்கள் மாமியார் சொல்வது. அவர் அன்பினால்தான் சொல்கிறார் என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது. ஆனால் இதில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் தெரு முழுவதும் அறிந்த ஒன்றை உங்கள் மகளிடம் மட்டும் மறைக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ, சொத்துப் பேச்சு எழும்போதோ, யாரோ ஒருவர் வாயிலிருந்து அது வந்து விழும். பதினான்கு வயதில் அப்படிக் கேட்ட பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தத்தெடுக்கப்பட்டதற்காக அவர்கள் அழவில்லை. இத்தனை ஆண்டுகள் எல்லோரும் சேர்ந்து என்னிடம் மட்டும் மறைத்தீர்களே என்பதுதான் அவர்கள் அழுகை. இப்போது அவளுக்கு 20 மாதம். சொல்லத் தொடங்க இதுவே நல்ல காலம். சொல்லிப் பழக வேண்டியது முதலில் உங்கள் நாக்குதான். அவளை வீட்டுக்கு அழைத்து வந்த நாளின் புகைப்படத்தைக் காட்டி, “நீ வேறோர் அம்மாவின் வயிற்றில் பிறந்தாய். அவரால் உன்னை வளர்க்க முடியவில்லை. நாங்கள் உனக்காகக் காத்திருந்தோம். இந்த நாளில்தான் நம் வீட்டுக்கு வந்தாய்” என்று தூங்குவதற்கு முன் சொல்லும் கதைகளில் ஒன்றாகச் சொல்லுங்கள். பொருள் அவளுக்குப் பிறகு விளங்கும். எப்போது முதலில் கேட்டோம் என்பது நினைவில்லாத அளவுக்கு, அது அவளுக்குத் தெரிந்த செய்தியாகவே இருக்க வேண்டும்.

சொற்களில் கவனம் வேண்டும். பெற்றவர் தூக்கிப் போட்டுவிட்டார் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், சொல்லவும் விடாதீர்கள். உங்கள் மகள் எவ்வாறு மையத்துக்கு வந்தாள் என்பதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதிலிருந்து, தமிழ்நாட்டில் எத்தனையோ தாய்மார் தம் குழந்தை உயிரோடு இருக்கட்டும் என்று தொட்டிலைத் தேடி வந்து விட்டுச் சென்றிருக்கிறார்கள். அந்தத் தாயை இழிவுபடுத்தினால், அது அவள் வயிற்றில் பிறந்த இந்தக் குழந்தையின் மேலேயே போய்ப் படும். “பல குழந்தைகளில் உன்னைத்தான் தேர்ந்தெடுத்தோம்” என்பதும் வேண்டாம். உண்மையில் நீங்கள் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை, மேலும் தேர்ந்தெடுத்தவர்கள் பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்ற அச்சத்தை அந்தச் சொல் விதைக்கும்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொன்று இருக்கிறது. அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்துபோன வீட்டில், பிறந்த குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவதாகச் சடங்கு செய்த வழக்கம் முன்பு இருந்தது. அது போய்விட்டாலும், “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று பிள்ளைகளைச் சீண்டும் விளையாட்டு இன்னும் போகவில்லை. மற்றக் குழந்தைகள் அதைக் கேட்டுச் சிணுங்கிவிட்டு மறந்துவிடும். உங்கள் மகளுக்கு அது விளையாட்டாக இராது. பெரியவர்களைத் தனியே அழைத்து, இந்தப் பேச்சு இனி இந்தக் குடும்பத்தில் எந்தக் குழந்தையிடமும் வேண்டாம் என்று உங்கள் கணவரே சொல்லட்டும்.

மகளிடம் ஒளிக்காமல் இருப்பதற்காக ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எங்கிருந்து எடுத்தீர்கள், என்ன சாதியாம், பெற்றவர்கள் யாராம் என்று கேட்பவர்களுக்கு, “எங்கள் மகள்” என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் கடன்படவில்லை. அவளுடைய தொடக்கம் பற்றி உங்களுக்குத் தெரிந்த விவரங்கள் அவளுடைய சொத்து. அவள் வளர்ந்து, யாரிடம் சொல்வது என்பதைத் தானே முடிவு செய்யும்வரை நீங்கள் காப்பாளர்கள். மையம் கொடுத்த குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை, வந்த அன்று அவள் உடுத்தியிருந்த சட்டை ஆகியவற்றைப் பீரோவில் பத்திரப்படுத்துங்கள். 18 வயதுக்குப் பின் தன் வேர்களைத் தேட அவள் விரும்பினால், அதற்கு விதிகளில் வழியிருக்கிறது. “பெரிய புண்ணியம் செய்தீர்கள்” என்பவர்களிடம், “குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டோம், கிடைத்தாள்” என்று அவள் காதுபடச் சொல்லுங்கள். நன்றிக்கடன் சுமந்துகொண்டு எந்தக் குழந்தையும் தன் வீட்டில் குறும்பு செய்ய முடியாது.

கடைசியாக ஜூன் மாதம். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் மாமியார்தான் என்றால், நான் மேலே சொன்ன நான்கு வேலைகளில் பகல் உணவையும் பகல் தூக்கத்தையும் மே மாதத்திலிருந்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே, சிறிது சிறிதாக அவரிடம் விடுங்கள். ஒருநாள் அவர், மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா என்று ஆள் மாற வேண்டாம். முதலில் அரை மணி நேரம் வெளியே போய்த் திரும்புங்கள், பிறகு ஒரு மணி, பிறகு அரை நாள். குழந்தை அழும் என்று, அவள் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டுக் கொல்லைப்புறமாக நழுவிப் போகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள், ஏனெனில் சொல்லாமல் காணாமற்போன முகங்களை இவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். வாசலில் நின்று, “அம்மா பள்ளிக்கூடம் போய்விட்டு, நீ தூங்கி எழுந்து பால் குடிக்கும்போது வருவேன்” என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். முந்தைய நாள் நீங்கள் உடுத்திய சேலை ஒன்றைத் துவைக்காமல் அவள் பாயில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.